விஸ்காம் பட்டம்: முதல் சம்பளமும் முதல் தவணையும்

(பிளஸ் டூ முடித்த மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட உயர்கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு தொடர்பியல் படிப்பு. விஷுவல் கம்யூனிகேஷன், மாஸ் கம்யூனிகேஷன், ஜர்னலிசம், எலக்ட்ரானிக் மீடியா என்று கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். ஊரில் எல்லோரும் சொல்வது விஸ்காம். நான் இந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்ப்பவன். இந்தத் துறைக்கு நல்ல பிள்ளைகள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறவன். ஆகவே இந்தப் படிப்பு நல்லதா கெட்டதா என்று இங்கே பேசப் போவதில்லை. நல்ல படிப்பு. ஒரு பிள்ளையைப் பார்க்கவும் கேட்கவும் எழுதவும் பழக்குகிற படிப்பு. நான் பேச வந்தது அதற்கு நீங்கள் கொடுக்கப்போகும் விலையைப் பற்றி. குறிப்பாக, அந்த விலையைக் கடன் வாங்கிக் கொடுப்பதைப் பற்றி.

மேடைகளில் இந்தப் படிப்பைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நிற்காதீர்கள்" என்கிறார் ஒருவர். "இதைப் படித்தால் சோறு கிடைக்காது, பி.காம். சேர்த்துவிடுங்கள்" என்கிறார் இன்னொருவர். இருவரும் ரூபாய்க் கணக்குக்குள் போவதில்லை. ஆசை, பயம் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுப்போம்.

கடன் எப்படி வளர்கிறது

நம் நாட்டில் வங்கிகள் இன்று தரும் கல்விக் கடனுக்கு அடிப்படை, இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்த மாதிரித் திட்டம். நான்கு லட்சம் வரை நம் கைப்பணம் போட வேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரை மத்திய அரசின் உத்தரவாத நிதியின் பாதுகாப்பில் சொத்து அடமானம் இல்லாமல் தருகிறார்கள். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். பெற்றோர் ஒருவர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதன்பின் 15 ஆண்டு வரை திருப்பிச் செலுத்தலாம்.

"தவணை கட்ட வேண்டியதில்லை" என்பதைக் கேட்டதும் பல பெற்றோர் "வட்டி கிடையாது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. மூன்றாண்டுப் படிப்பும் அடுத்த ஓராண்டும் சேர்ந்த அந்த நான்கு ஆண்டும் அது தனியாகச் சேர்ந்துகொண்டே போய், தவணை தொடங்கும் நாளில் அசலோடு கூடிவிடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு தனியார் கல்லூரியில் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சம் என்று வையுங்கள். மூன்றாண்டுக்கு 6 லட்சம். வட்டி 10.5 விழுக்காடு என்று கொள்வோம். முதலாண்டு வாங்கிய 2 லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 84,000. இரண்டாம் ஆண்டுப் பணத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 63,000. மூன்றாம் ஆண்டுப் பணத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி 42,000. கூட்டினால் 1,89,000. ஆக, முதல் தவணை கட்டும் நாளில் உங்கள் பிள்ளையின் பெயரில் இருக்கும் கடன் 6 லட்சம் இல்லை, 7,89,000.

இதைப் பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,650 ரூபாய். மொத்தம் கட்டுவது 12 லட்சத்து 78 ஆயிரம். "தவணை கூடுதலாக இருக்கிறது, குறைத்துக் கொடுங்கள்" என்று 15 ஆண்டாக நீட்டினால் மாதம் 8,720 ஆகும். ஆனால் மொத்தம் 15 லட்சத்து 70 ஆயிரம் ஆகிவிடும். 18 வயதில் கையெழுத்துப் போட்ட பிள்ளைக்குக் கடன் முடியும்போது வயது 37.

இந்தக் கணக்கில் வராத செலவு ஒன்றும் உண்டு. விஸ்காம் மாணவருக்கு எடிட்டிங் தாங்கும் லேப்டாப் வேண்டும். கேமரா வேண்டும், அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். இறுதியாண்டுக் குறும்படத்துக்கு லைட், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் பிள்ளைகள் கைக்காசு. பி.ஏ. தமிழுக்கோ பி.காமுக்கோ இந்தச் செலவு கிடையாது.

வங்கிக் கணக்கில் தெரியாத கடனும் இருக்கிறது. நன்கொடை என்ற பெயரில் கேட்கும் தொகைக்குக் கல்விக் கடன் கிடைக்காது. அதற்கு அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. மகளிர் குழுக் கடன் போகிறது. சீட்டுத் தள்ளி எடுக்கிறார்கள். கடைசியில் தெருமுனை வட்டிக்காரரிடம் நிற்கிறார்கள். பட்டம் வாங்கும் நாளில் குடும்பத்தின் மேல் இருக்கும் சுமையை எடை போட வேண்டுமென்றால் இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் போட வேண்டும். கல்விக் கடன் என்ற பெயர் இல்லாவிட்டாலும் அதுவும் கல்விக்காகப் பட்ட கடன்தான்.

சம்பளம் எப்படி வருகிறது

இனி வரவுப் பக்கம். இந்தத் துறையில் முதல் வேலைக்கு மாதச் சம்பளம் 18,000 என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சியில் உதவி ஆசிரியர், விளம்பர நிறுவனத்தில் டிசைனர், யூடியூப் சேனலில் எடிட்டர், டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் கன்டென்ட் எழுதுபவர் என்று தொடங்கும் பிள்ளைகளை மனதில் வைத்துச் சொல்கிறேன். இதைவிடக் கூடவும் வாங்குவார்கள், குறையவும் வாங்குவார்கள். சென்னையில் சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ நாலு பேர் சேர்ந்து அறை எடுத்தாலும் வாடகை, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் போக அந்தச் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். அதில் 10,650 ரூபாய்த் தவணை என்றால் சம்பளத்தில் நூற்றுக்கு 59 போய்விடுகிறது. இது நடக்காத காரியம்.

சினிமாவுக்குப் போகிறவர்களின் நிலை வேறு. உதவி இயக்குநருக்குப் பல இடங்களில் மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. படப்பிடிப்பு நாட்களில் பேட்டா உண்டு. கதை விவாதம் நடக்கும் மாதங்களில் சாப்பாடு உண்டு. படம் நின்றுபோனால் அதுவும் இல்லை. வங்கித் தவணையோ மாதா மாதம் ஒரே தேதியில் வரும்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறார். நல்ல கைவேலைக்காரர். அப்பா தறி ஓட்டுபவர். ஒருமுறை என்னைப் பார்க்க வந்தபோது பாஸ்புக்கை விரித்துக் காட்டினார். வைகாசியிலும் ஆவணியிலும் வரவுப் பக்கம் நிறைந்திருந்தது. முகூர்த்தம் இருக்கும் மாதங்கள் அவை. ஆடியில் ஒரு வரவும் இல்லை. புரட்டாசியில் ஒன்றே ஒன்று. மார்கழி வெறும் பக்கம். அந்த வெறும் மாதங்களில் எல்லாம் தவணை திரும்பியதற்கான அபராதம் வரிசையாக இருந்தது. ஆண்டு வருமானத்தைக் கூட்டிப் பார்த்தால் அலுவலக வேலையில் இருக்கும் அவருடைய வகுப்புத் தோழர்களைவிடக் குறைவில்லை. பணம் வரும் மாதமும் தவணை வரும் மாதமும் ஒத்துப்போகாததுதான் தொல்லை. தொடர்ந்து 90 நாள் தவணை பாக்கி நின்றால் வங்கி அதை வாராக்கடன் என்று எழுதிவிடும். பிறகு சிபில் மதிப்பெண் விழும். அது மாணவருக்கு மட்டும் விழாது, கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கும் விழும். நாளைக்குத் தங்கையின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போனால் அந்தப் பழைய பாக்கி குறுக்கே வந்து நிற்கும்.

தொடர்பியல் துறையில் வருமானத்தின் இயல்பே இதுதான். முதல் நான்கைந்து ஆண்டு மெலிவாக இருக்கும், மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். கைத்திறனும் தொடர்புகளும் சேர்ந்த பிறகு சிலருக்கு நன்றாக ஏறும், சிலருக்குச் சுமாராக ஏறும். மிகச் சிலருக்குத்தான் வானளவு போகும். கல்விக் கடனோ அந்த மெலிந்த ஆண்டுகளில்தான் கழுத்தைப் பிடிக்கிறது. பத்தாண்டு கழித்து நன்றாகச் சம்பாதிக்கப்போகும் பிள்ளைகூட மூன்றாம் ஆண்டிலேயே சோர்ந்து, கேமராவை விற்றுவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார். அதிகக் கடன் வாங்கிப் படித்தால், எந்தத் தொழிலுக்காகப் படித்தோமோ அந்தத் தொழிலில் காத்திருக்கும் தெம்பு போய்விடுகிறது. எனக்கு ஆற்றாமை தருவது இதுதான்.

புகழ் பெற்றவர்களைக் காட்டிச் சேர்க்கை நடத்தும் விளம்பரங்களையும் எச்சரிக்கையாகப் பாருங்கள். ஒரு வகுப்பில் ஒருவர் பெரிய இயக்குநராகிவிட்டால் அந்த வகுப்பின் சராசரி வருமானம் மலைபோல உயர்ந்துவிடும். மற்றவர்களின் சம்பளம் அதனால் ஒரு ரூபாய்கூடக் கூடாது. நீங்கள் கேட்க வேண்டியது வரிசையில் நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளம். இன்னொன்று, இயக்குநர் கார்த்திக் சுப்பராஜ் பொறியியல் படித்து மென்பொருள் வேலை பார்த்தவர், 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்து வெளியே தெரிந்தவர். இயக்குநர் லோகேஷ் கனகராஜ் வங்கியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பட்டம் இருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும் என்பதில்லை. கதவைத் தட்டத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கையைப் பழக்குவதுதான் எங்கள் படிப்பின் வேலை. அதற்கு விலை உண்டு. எந்த விலையும் கொடுக்கலாம் என்று ஆகாது.

எடை போடும் அளவுகோல்

கடனையும் வருமானத்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் வேலையை அமெரிக்காவில் அரசே செய்கிறது. அங்கே மத்திய அரசின் மாணவர் கடன் மட்டும் 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல். நான்கு கோடிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கடனில் இருக்கிறார்கள். சூடுபட்ட பிறகு விழித்துக்கொண்டார்கள். 2015-இல் காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற தளத்தை ஒபாமா அரசு புதுப்பித்து வெளியிட்டது. இப்போது அதில் ஒரு கல்லூரியின் பெயரையும் படிப்பையும் கொடுத்தால் அதை முடித்தவர்களில் வரிசையில் நடுவில் நிற்பவரின் கடன் எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்று பார்க்கலாம். தொடர்பியல் படிப்புக்கும் தனியாகப் பார்க்கலாம். 2014-இல் ஒரு விதியும் கொண்டுவந்தார்கள். முக்கியமாக லாப நோக்குக் கல்லூரிகளின் படிப்புகளுக்கானது அது. படித்து முடித்தவர்கள் ஓராண்டில் கட்டும் தவணை, ஆண்டு வருமானத்தில் 8 விழுக்காட்டுக்குள்ளோ, வாழ்க்கைச் செலவு போக மிஞ்சும் வருமானத்தில் 20 விழுக்காட்டுக்குள்ளோ அடங்க வேண்டும் என்றது. டிரம்ப் ஆட்சியில் 2019-இல் அதை நீக்கினார்கள், பைடன் ஆட்சியில் 2023-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். அரசியல் எப்படியிருந்தாலும் அந்த அளவுகோலின் நியாயம் மாறவில்லை. அங்கே நிதி ஆலோசகர்கள் சொல்லும் எளிய விதி ஒன்றும் உண்டு: படிப்பு முடியும்போது இருக்கும் மொத்தக் கடன், முதல் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

நம் கணக்கை இதில் வைத்துப் பாருங்கள். மாதம் 18,000 என்றால் ஆண்டுக்கு 2,16,000. கடன் 7,89,000. மூன்றரை மடங்குக்கு மேல். தேறவில்லை.

நம் நாட்டில் படிப்புவாரியாக அப்படி ஒரு தளம் இல்லை. ஆனால் கையில் கிடைக்கும் ஒரு காகிதத்தைப் பலரும் திறந்து பார்ப்பதில்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. அதில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு கல்லூரியும் தான் கொடுத்த தகவலைத் தன் இணையதளத்திலும் போட வேண்டும். அந்த பி.டி.எஃப். கோப்பைத் திறந்தால் மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்கு ஓர் அட்டவணை இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களில் நடுவில் நிற்பவரின் ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும்.

அதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. தேறியவர்களின் எண்ணிக்கையிலிருந்து வேலைக்குப் போனவர்களையும் மேற்படிப்புக்குப் போனவர்களையும் கழித்துப் பாருங்கள். மிச்சம் இருப்பவர்களைப் பற்றி அந்த அட்டவணை ஒன்றும் சொல்வதில்லை. சம்பளக் கட்டத்தில் இருப்பது வேலை கிடைத்தவர்களின் சம்பளம் மட்டுமே. அதுவும் பி.காம்., பி.சி.ஏ., விஸ்காம் எல்லாம் கலந்த கல்லூரிக் கணக்கு. ஆகவே அதோடு நிற்காமல் துறைத் தலைவரிடம் நேரில் போய்க் கேளுங்கள்: "போன மூன்று ஆண்டில் உங்கள் துறையில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? முதல் சம்பளம் என்ன?" பத்துப் பேரின் விவரம் சொல்லத் தெரிந்த துறைத் தலைவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். சுவரில் மாட்டிய நட்சத்திரத்தின் படத்தைக் காட்டுகிறவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கடனைச் சிறிதாக்கும் வழிகள்

இதையெல்லாம் கேட்டுவிட்டு, தங்கை, உன் ஆசை கலைந்து போனதாக நினைக்காதே. ஆசையை வைத்துக்கொள், அதன் விலையைக் குறைப்போம்.

முதல் வழி, அரசு நிறுவனங்கள். சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் 1945-இல் வேர்விட்டது. பி.சி. ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் அங்கே ஒளிப்பதிவு படித்தவர்கள். கட்டணம் அரசுக் கட்டணம். இடம் குறைவு, போட்டி அதிகம், விண்ணப்பிக்க யாரும் தடுக்கவில்லை. சில அரசு கலைக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் விஸ்காம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், பாரதியார், மனோன்மணியம் சுந்தரனார், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் முதுகலையில் தொடர்பியலோ இதழியலோ படிக்கலாம்.

இரண்டாவது வழி இதிலிருந்தே வருகிறது. இளநிலையில் தமிழோ ஆங்கிலமோ பொருளாதாரமோ அருகில் உள்ள அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு, முதுகலையில் தொடர்பியலுக்கு வரலாம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்தால் விடுதிச் செலவே இல்லை. பொருளாதாரம் படித்த நிருபர் பட்ஜெட்டைப் புரிந்து எழுதுவார். தமிழ் படித்தவர் வசனத்தில் பிழை விட மாட்டார். வெறும் தொடர்பியல் மட்டும் படித்தவரைவிட, ஒரு பாடத்தை ஆழமாகப் படித்துவிட்டுத் தொடர்பியலுக்கு வருகிறவருக்கு எங்கள் வகுப்பில் எப்போதும் பலம் அதிகம். எந்தப் பட்டமாக இருந்தாலும் யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 போன்ற தேர்வுகளின் கதவும் திறந்தே இருக்கும்.

மூன்றாவது, படிக்கும்போதே தொழிலுக்குள் கால் வைப்பது. விகடன் நெடுங்காலம் நடத்திவந்த மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களில் வேளாண்மை, சட்டம், பொறியியல் என்று எல்லாத் துறை மாணவர்களும் உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டே நிருபராகப் பழகி, எழுதியதற்குச் சன்மானமும் வாங்கியவர்கள் அவர்கள். இன்று ஊரில் உள்ள நகைக்கடைக்கோ ஓட்டலுக்கோ ரீல் எடுத்துக் கொடுக்கும் மாணவர் மாதம் சில ஆயிரம் பார்க்கிறார். கையில் நாலு நல்ல வேலை இருந்தால் ஷோரீல் தயார். எங்கள் துறையில் வேலைக்கு எடுக்கும்போது மதிப்பெண்ணைவிட அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கிறார்கள்.

நான்காவது, வாங்கத்தான் வேண்டும் என்றால் சிறிய கடனாக வாங்கி, வட்டியை அப்போதப்போதே கட்டிவிடுவது. கணக்கை மறுபடி எழுதுவோம். ஆண்டுக்கு 50,000, மூன்றாண்டுக்கு 1,50,000. அதே 10.5 விழுக்காடு. எதுவும் கட்டாமல் விட்டால் நான்காண்டு முடிவில் 1,97,250. மாதம் 18,000 வாங்குகிறவரின் ஆண்டுச் சம்பளத்துக்குள் அடங்குகிறது. ஏழாண்டுத் தவணை 3,330 ரூபாய்.

இதையே இன்னும் குறைக்கலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கியது. மூன்றாண்டுக்கு 36,000 ரூபாய். நாம் பேசும் ஒன்றரை லட்ச ரூபாய்க் கடனுக்குப் படிக்கும் மூன்றாண்டில் சேரும் வட்டி 31,500. அந்த உதவித்தொகையை வட்டிக்கே செலுத்தினால் மூன்றாண்டு வட்டியும் அடைபட்டுவிடும். பிறகு தவணை 2,800 ரூபாய்க்குள் வந்துவிடும். படிக்கும் காலத்திலேயே வட்டி கட்டுகிறவர்களுக்கு வட்டி விகிதத்தில் ஒரு விழுக்காடு வரை சலுகை தரும் வங்கிகள் உண்டு. மாணவிகளுக்கு அரை விழுக்காடு குறைக்கும் பொதுத்துறை வங்கிகளும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்.

வட்டி மானியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும்வரை உள்ள வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. ஆனால் அது தொழிற்படிப்புகளுக்கும் தொழில்நுட்பப் படிப்புகளுக்கும் உரியது. கல்லூரிக்கு உரிய தர அங்கீகாரமும் இருக்க வேண்டும். நீங்கள் சேரும் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. விஸ்காம் அந்தப் பட்டியலில் வருகிறதா என்பதைச் சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. வங்கி மேலாளரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னிற்கும் கல்வி நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்கு அடமானமோ ஜாமீனோ இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்குப் 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. முதல் பட்டியலில் 860 நிறுவனங்கள் இருந்தன. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடன் தள்ளுபடி வரும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். வந்தால் மகிழ்ச்சி. கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. வெளிநாட்டில் முதுகலைத் தொடர்பியல் படிக்க வீட்டுப் பத்திரத்தை வைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே வேலை கிடைத்தால்தான் அடையும் என்கிற கடனை, வேலைக்கான விசா கையில் இல்லாதபோது வாங்குவது வீட்டைப் பணயம் வைப்பது. முழு உதவித்தொகை கிடைத்தால் போகட்டும்.

கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள்

இந்த மேடையில் கல்லூரி நிர்வாகிகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். உங்கள் விவரக் கையேட்டில் ஸ்டுடியோவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு அட்டவணையை அச்சிடுங்கள். துறைவாரியாக எத்தனை பேர் முடித்தார்கள், ஓராண்டு கழித்து எத்தனை பேர் இந்தத் துறையிலேயே சம்பளத்துக்கு இருக்கிறார்கள், நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு, கடன் வாங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர் என்ற நான்கு விவரம் போதும். நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே தகவலைச் சரிபார்த்து வெளியிடு என்பது. அதை நம் துறையைப் பற்றிய தகவலிலேயே நாம் கடைப்பிடிக்காவிட்டால் வகுப்பில் நின்று அதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? குறைவான சம்பளத்தை உள்ளபடி சொல்வதால் மாணவர் வராமல் போய்விடுவார்கள் என்ற பயம் வேண்டாம். தெரிந்து வருகிற மாணவர் நிலைத்து நிற்பார்.

பெற்றோர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள். மூன்றாண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் கடன் எவ்வளவு, நகையும் கைமாற்றும் சேர்த்து. நான்காண்டு வட்டியோடு அது எவ்வளவாகும். அந்தத் துறையில் முடித்தவரின் முதல் சம்பளம். மாதத் தவணை. பிள்ளைக்குத் தெரியாமல் இந்தக் கணக்கைப் போடாதீர்கள், கட்டப்போவது பிள்ளைதான்.

என் முடிவைத் தெளிவாகச் சொல்லி உட்காருகிறேன். வட்டியோடு சேர்ந்த மொத்தக் கடன் முதல் ஆண்டுச் சம்பளத்துக்குள்ளும், மாதத் தவணை சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள்ளும் நின்றால் தைரியமாகச் சேருங்கள். பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால் நிம்மதியாகச் சேருங்கள். முதலில் சொன்ன இரண்டு எல்லைகளில் ஒன்றைத் தாண்டினாலும் கல்லூரியை மாற்றுங்கள், படிப்பை மாற்ற வேண்டியதில்லை.